சந்தியில் வைத்தது

கராஜுக்குள் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. குசினிக்குள் வைத்தால் புகை மணி அலறும். மச்ச வாடை கம்பளத்தில் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் சுகிர்தன் எரிவாயு அடுப்பைக் கராஜில் வைத்து, கதவை இடுப்பளவுக்கு உயர்த்திவிட்டிருந்தான். வெளியே வடக்குக் காற்று. மார்ச் பிறந்தும் மெல்பேர்னில் வெக்கை குறையவில்லை. கதவுக்குக் கீழால் வந்த சருகு நாகேஸ்வரியின் காலடியில் சுற்றியது.

நாகேஸ்வரி சுகிர்தனின் மூத்த அக்கா. சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறவள். நடுவில் பிறந்த சிறிதரனின் செத்தவீட்டுக்கு வந்து, எட்டுச் செலவையும் முடித்துவிட்டுப் போக நின்றாள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைத்து, ஆளை வழியனுப்புகிற நாள் அது.

சிறிதரன் அகதியாகக் கப்பலில் வந்தவன். விசா இழுபட்டதில் கலியாணமும் இழுபட்டு நின்றுவிட்டது. கோழித் தொழிற்சாலையில் விடிகாலை வேலை. கராஜை ஒட்டிய அறைதான் அவன் இருப்பிடம். போன கிழமை வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை.

சுஜீவா கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். சுகிர்தனின் மனைவி. பக்கத்து ஆரம்பப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குக் குப்பையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவள். எது எந்தத் தொட்டிக்குள் போகும், தோலும் கொட்டையும் எப்படி மண்ணாகும், மதியச் சாப்பாட்டைப் பிளாஸ்ரிக் சுற்றாமல் எப்படிக் கொண்டுவருவது என்று. சிறிதரன் அவளைக் 'குப்பை ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவான். பியர் குடித்த ரின்னைத் தலைக்கு மேலே பிடித்து, "குப்பை ரீச்சர், இது எந்தத் தொட்டி?" என்று தினமும் ஒருமுறை கேட்பான். தெரிந்துகொண்டே கேட்பான்.

"உதென்ன மச்சாள், மீற் பையும் வைக்கிறியளோ?" என்றாள் சுஜீவா.

பெற்றோல் நிலையத்தில் வாங்கிய இறைச்சிப் பை, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது, கடதாசிப் பொட்டலத்தோடு வாழையிலையின் ஓரத்தில் இருந்தது. பக்கத்தில் ஐஸ் கோப்பிப் பெட்டி.

"அவன் விடிய வேலைக்குப் போகேக்க என்னத்தைத் திண்டவன்? சொல்லு பாப்பம்."

"பைதான்."

"அப்ப அது இருக்கட்டும். சோசையும் எடுத்து வை."

சுஜீவா சோஸ் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள். "பங்கை எங்க கொண்டுபோய் வைக்கப் போறியள்?"

"இதென்ன கேள்வி? முச்சந்தியில."

"இஞ்ச றோட்டில சாப்பாடு வைக்கேலாது மச்சாள். படைச்சு முடியப் பச்சை மூடித் தொட்டிக்குள்ள போடுவம். அது உரமாகி மண்ணுக்குத்தானே போகுது."

நாகேஸ்வரி அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள். "செத்தவனைக் குப்பைத் தொட்டிக்குள்ள போடச் சொல்லுறியோ?"

"நான் சாப்பாட்டைச் சொன்னனான்."

"இண்டைக்கு ரெண்டும் ஒண்டு."

சுகிர்தன் கதவடியில் குந்தியிருந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். "நான் தூரக் கொண்டுபோய் வைக்கிறன். டண்டினோங் தாண்டினால் ஆளில்லாத றோட்டு இருக்கு. நீங்கள் ரெண்டுபேரும் சும்மா இருங்கோ."

"பிளாஸ்ரிக் ஒண்டும் வைக்காதேங்கோ," என்றாள் சுஜீவா.

"சரி ரீச்சர்," என்றாள் நாகேஸ்வரி. அவள் சிரிக்கவில்லை.

பொழுதுபடப் படைத்தார்கள். சிறிதரனின் படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பரப்பி, அவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். பிறகு சுஜீவா மகளைக் குளிக்கவைக்கப் போனாள். அவள் திரும்பி வந்தபோது சுகிர்தன் காரை எடுத்துவிட்டான். வாசலில் நாகேஸ்வரி நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். "வச்சாப் பிறகு திரும்பிப் பாக்காதை. பாத்தால் உன்ர பின்னால வந்திடுவான்."

டண்டினோங் போய்வர எடுக்கிற நேரம் சுஜீவாவுக்குத் தெரியும். சுகிர்தன் அதற்கு முன்பே வந்துவிட்டான். வெளிக் குழாயில் கால் கழுவினான். இரவு வேலைக்கு உடுப்பு மாற்றினான். அவள் கேட்கவில்லை. அவன் முகம் கேட்கும்படி இருக்கவில்லை.

மறுநாள் காலை மகள் ஸ்ருதி அலுமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஏழு வயது. இரண்டாம் வகுப்பு.

"அம்மா, பெரியப்பாட கப் எங்க?"

அது அவள் பள்ளியில் சேர்ந்த வருடம், ப்ரெப் வகுப்பில் வண்ணம் பூசிச் சூளையில் வைத்த பீங்கான் கோப்பை. மஞ்சள் லொறி ஒன்று. ஒரு பக்கத்தில் மட்டும் சில்லுகள் கூடிப்போன லொறி. பெரியப்பாவின் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. அவன் தேத்தண்ணி குடித்தது அதில்தான். அவன் போன பிறகு அவள் அதில் பால் குடித்தாள்.

"கழுவ வச்சிருப்பினம். வேறயில குடி."

"I don't want வேற," என்றாள் ஸ்ருதி. பால் குடிக்காமலே சப்பாத்துப் போட்டாள்.

நாகேஸ்வரி கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை, பள்ளியில் துப்புரவு நாள். இரண்டாம் வகுப்புக்கு ஓடையோரம் ஒதுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் மஞ்சள் மேலங்கியும் கையுறையும் போட்டு, நீளக் குறடுகளால் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வகுப்பாசிரியை டோனா முன்னால். சுஜீவா பின்னால். உதவிக்கு வந்த பெற்றோரில் ஹரிப்பிரியாவும் நின்றாள். சென்னைக்காரி, வர்ஷாவின் அம்மா, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவள். பள்ளியில் எது நடந்தாலும் முதல் ஆளாக வருவாள்.

பள்ளிக்குள் சுஜீவா அம்மா இல்லை. மற்றப் பிள்ளைகளைப் போல ஸ்ருதியும் அவளை மிஸஸ் எஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அது இருவருக்கும் இடையில் முதல் நாளே பேசி வைத்தது. ஸ்ருதி ஒருநாளும் தவறியதில்லை.

"எறிந்த பொருள் எங்கே போகும்?" என்று சுஜீவா ஆங்கிலத்தில் கேட்டாள். ஒவ்வொரு பாடமும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும்.

"வேறு யாரிடமோ போகும்," என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்.

பின் கேற்றைத் தாண்டினால் ஓடை. தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. ஓரத்தில் நடைபாதை. பாலத்தடியில் அது இரண்டாகப் பிரியும். பள்ளிக் கேற்றிலிருந்து வரும் வழியோடு சேர்த்தால் மூன்று. அந்த இடத்தில் நாலைந்து ஐபிஸ் பறவைகள் கழுத்தை வளைத்து எதையோ இழுத்துக்கொண்டு நின்றன.

"பின் சிக்கன்," குப்பைத் தொட்டிக் கோழி என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். பறவைகள் அவசரப்படாமல் விலகின.

வாசனைதான் முதலில் வந்தது. வெக்கையில் புளித்த நண்டுக் குழம்பு. அது தன் வீட்டுக் கறித்தூள் என்று சுஜீவாவின் மூக்குக்குத் தெரிந்தது. கால்கள் தாமாக நின்றன.

அலுமினியத் தட்டு. அதன்மேல் கிழிந்த வாழையிலை. புட்டு சிதறிக் கிடந்தது. இறைச்சிப் பையில் பாதியைப் பறவை கொண்டுபோய்விட்டது. பியர் ரின்கள், சிகரெட் பெட்டி, ஐஸ் கோப்பி. எல்லாவற்றையும் கொண்டுவந்த பிளாஸ்ரிக் பை வேலிக் கம்பியில் மாட்டிப் படபடத்தது.

"யாரும் கிட்டப் போகவேண்டாம்," என்றாள் டோனா.

ஹரிப்பிரியா சுஜீவாவின் முழங்கையைப் பிடித்தாள். "சுஜீவா, இங்க பாருங்களேன். இலை, நண்டு, சிகரெட்டு. எங்க ஊர்ப் பக்கம் மூணு ரோடு கூடுற இடத்துல இப்படி வெச்சா செய்வினைம்பாங்க. தாண்டவே மாட்டாங்க."

"செய்வினை இல்லை."

"எப்படி சொல்றீங்க?"

சுஜீவா பிள்ளைகளின் பக்கம் திரும்பினாள்.

"எதுவா இருந்தாலும் நம்ம ஆளுங்கதான். வாழை இலைய வெள்ளைக்காரனா வெப்பான்? அதுவும் ஸ்கூல் பக்கத்துல. நமக்குத்தான் அசிங்கம்." ஹரிப்பிரியா கைபேசியை எடுத்தாள். "கவுன்சில் ஆப்ல போட்டுடறேன். பேரன்ட்ஸ் குரூப்லயும் போடறேன், யாராவது பாத்திருப்பாங்க."

"குரூப்பில ஏன்?"

"ஏன்னா? தெரிய வேணாமா?"

படம் எடுக்கும் சத்தம் கேட்டது. இன்னொன்று.

இப்போதே சொல்லிவிடலாம். எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு வரி. சுஜீவா வாயைத் திறந்தாள். அதற்குள் மின் என்ற பிள்ளை குறடால் புல்லுக்குள் இருந்து எதையோ தூக்கினாள். காதைப் பிடித்துத் தூக்கியதில் அது ஆடியது. உள்ளே இருந்த தேத்தண்ணி வழிந்தது.

மஞ்சள் லொறி.

"இது நாங்கள் ப்ரெப்பில் செய்த கப் மாதிரி இருக்கிறது," என்றான் ஒலிவர்.

"மாதிரி இல்லை, அதேதான்," என்றாள் மின்.

டோனா குனிந்து பார்த்தாள். "அப்படியென்றால் இது நம் பள்ளிக்கூடத்து வீடு ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. இது யாருடைய கோப்பை என்று யாருக்காவது தெரியுமா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்ருதி கோப்பையைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கவில்லை. அந்தப் பார்வை நீண்டது. சுஜீவாவின் முகத்தில் அவள் எதைத் தேடினாளோ அதை எடுத்துக்கொண்டாள்.

"ஸ்ருதி, உனக்குத் தெரியுமா?"

"இல்லை," என்றாள் ஸ்ருதி.

சுஜீவா வாயை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு பாடம் பாடமாகவே நடந்தது. பள்ளி முற்றத்தில் நீலப் படங்கை விரித்துப் பொறுக்கியதைக் கொட்டினார்கள். சாப்பாடு பச்சை மூடிக்கு. ரின் காசு திருப்பித் தரும் பெட்டிக்கு. இறைச்சிப் பை சுற்றிய கடதாசியில் சோஸ் பட்டிருந்ததால் அது எங்கே போகும் என்று விவாதம் நடந்தது. கோப்பை எங்கே என்று டோனா கேட்டாள்.

"சிவப்பு மூடி," என்றான் ஒலிவர். "பீங்கான் மறுசுழற்சிக்குப் போகாது. மிஸஸ் எஸ் சொன்னார்."

"சரிதானே, மிஸஸ் எஸ்?"

"சரி," என்றாள் சுஜீவா.

சிவப்புக் குழுவில் ஸ்ருதி இருந்தாள். அவள் குறடைக் கீழே வைத்தாள். கோப்பையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு தொட்டிகள் இருக்கும் மறைப்புக்குப் பின்னால் போனாள். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இடைவேளையில் சுஜீவா மண்புழுப் பெட்டி வைத்திருக்கும் கொட்டிலுக்குள் போய்ச் சுகிர்தனை அழைத்தாள். மணி நெடுநேரம் அடித்தது. இரவு வேலை முடித்துப் படுத்திருந்தவன்.

"என்னப்பா?"

"பங்கை எங்க வச்சனீங்கள்?"

அவன் தொண்டையைச் செருமினான்.

"எங்க வச்சனீங்கள் எண்டு கேக்கிறன்."

"ஓடைப் பக்கம். வேலைக்கு நேரம் போட்டுது. டண்டினோங் போய்வர ஏலாது. மூண்டு வழி சேருற இடமாக் கிடந்தது."

"அது எங்கட பள்ளிக்கூடத்துப் பின் கேற்."

"இருட்டீட்டுது சுஜீ. அதோட திரும்பிப் பாக்கக் கூடாதெண்டு அக்கா சொன்னவ. வச்சிட்டு அப்பிடியே வந்திட்டன். பின்னால என்ன கிடந்ததெண்டு பாக்கேல்ல."

"பிளாஸ்ரிக் பையோட."

"குழம்பு ஒழுகினது. கார் முழுக்க ஊத்தும்."

சுஜீவா கொட்டில் கதவைக் காலால் சாத்தினாள். "பிள்ளையள்தான் கண்டெடுத்தது. ஸ்ருதின்ர வகுப்பு. கப்பையும் கண்டிட்டாள். ஆற்றயெண்டு கேட்டதுக்குத் தெரியாதெண்டு சொன்னவள். என்னைப் பாத்துப்போட்டுச் சொன்னவள்."

அந்தப் பக்கம் கட்டில் முனகியது. "நீர் ஒண்டும் சொல்லாதையும். ஒருத்தருக்கும் தெரியாது. உம்மை நிரந்தரமாக்கிறம் எண்டு சொல்லியிருக்கினம். இந்த நேரத்தில குப்பை ரீச்சர் வீட்டுக் குப்பையெண்டு வந்தால் என்ன சொல்லுவினம்?"

"அவள் பொய் சொன்னவள், கேக்குதோ?"

"சின்னப்பிள்ளை. நாளைக்கு மறந்திடும்."

"மறக்காது."

கைபேசி கை மாறியது. நாகேஸ்வரியின் மூச்சு கேட்டது. "பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். வச்சது வச்சதுதான். அது எங்கடையெண்டு திருப்பிச் சொல்லக் கூடாது. தொடவும் கூடாது. வீட்ட கொண்டு வந்திடாதை. அவன் பாதி வழி போயிருப்பான், திருப்பி இழுக்காதை."

"கப்பை ஏன் மச்சாள் வச்சனீங்கள்?"

"தேத்தண்ணி குடியாமல் அவன் எங்க போனவன்? அவன்ர கப்பிலதானே குடுக்க வேணும்." குரல் இறங்கியது. "இப்ப அது எங்க?"

"குப்பையில. சிவப்புத் தொட்டியில."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று சுஜீவா திரையைப் பார்த்தாள். அறவில்லை.

"குப்பையிலயோ," என்றாள் நாகேஸ்வரி. பிறகு சுகிர்தன் எடுத்து, "பேந்து கதைக்கிறன்," என்றான்.

மதியம் வெக்கை உச்சத்தில் நின்றது. வகுப்பறைக் கண்ணாடிகளைச் சாத்திக் குளிரூட்டியைப் போட்டிருந்தார்கள். ஸ்ருதி சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. மற்றவர்கள் கொண்டுவந்ததில் மிஞ்சியதைப் பச்சைத் தொட்டியில் தட்டினார்கள். அவள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

டோனா எல்லோரையும் பாயில் வட்டமாக இருத்தினாள். அவள் நல்ல ஆசிரியை. கையில் கிடைத்த எதையும் பாடமாக்குவாள். "குப்பை போட்டவருக்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதுவோம். பள்ளிச் செய்திமடலில் போடலாம். ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்கள்."

பலகையில் எழுதத் தொடங்கினாள்.

"நீங்கள் பெரிய ஆள். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்," என்றாள் மின்.

"ஐபிஸுக்கு வயிற்றுவலி வந்தால் அது உங்கள் பிழை," என்றான் ஒலிவர்.

"எங்கள் அம்மா படம் எடுத்துவிட்டார். உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்," என்றாள் வர்ஷா.

"நீங்கள் ஒரு சோம்பேறி."

"அந்தச் சொல் வேண்டாம்," என்றாள் டோனா. "வேறு மாதிரிச் சொல்."

"நீங்கள் நடக்க விரும்பாத ஆள்."

சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. சுஜீவா பின்சுவரோடு நின்றாள். ஸ்ருதியின் முறை வருவது தெரிந்தது. இன்னும் மூன்று பேர். இரண்டு பேர். வகுப்பு முழுவதும் தன் பெரியப்பாவைத்தான் ஏசுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தன் அப்பாவை. தன்னையும். அவள் ஒரு வரி சொல்ல வேண்டும்.

"ஸ்ருதி?"

ஸ்ருதி பாயின் நூலை இழுத்தாள்.

"ஒரு வரி போதும் கண்ணே."

"அவருக்குப் பசித்தது," என்றாள் ஸ்ருதி.

டோனாவின் பேனா நின்றது. "யாருக்கு?"

ஸ்ருதி திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். "அம்மா," என்றாள் தமிழில். "நான் என்ன சொல்ல?"

வகுப்பில் அந்தச் சொல் இதுவரை விழுந்ததில்லை. பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள்.

சுஜீவா நடந்து வந்து வட்டத்துக்குள் குந்தினாள். முழங்கால் இரண்டும் பாயில் பட்டன. "டோனா, கடிதத்தை நிப்பாட்டுங்கள்," என்றாள் ஆங்கிலத்தில். "அது எங்கள் வீட்டிலிருந்து வந்தது."

டோனா பேனாவை மூடினாள்.

"என் கணவரின் அண்ணா போன கிழமை செத்துப் போனார். எங்கள் ஆட்கள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைப்பார்கள். கொஞ்சத்தைக் கொண்டுபோய் வழிகள் சேரும் இடத்தில் வைப்பார்கள். அவர் போகிற வழிக்கு. காலையில் கண்டவுடனே எனக்குத் தெரியும். சொல்லவில்லை."

"ஏன் சொல்லவில்லை?" என்றாள் மின்.

"பயந்துவிட்டேன்."

"எங்களுக்கா?"

"ஓம். உங்களுக்கும்."

ஒலிவர் கையை உயர்த்தினான். "செத்தவர் எப்படிச் சாப்பிடுவார்?"

"சாப்பிட மாட்டார்."

"அப்படியென்றால் அது வீண்தானே? சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

சுஜீவா யோசித்தாள். பத்து மாதமாக இந்தப் பாயில் அவளுக்கு எந்தக் கேள்விக்கும் விடை இருந்தது. "நேற்று நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது தெரியவில்லை. வைத்த இடம் பிழை. பிளாஸ்ரிக் பை பிழை. நீங்கள் வந்து பொறுக்கும்படி விட்டது பெரிய பிழை."

"சாப்பாடு?"

"சாப்பாடு பிழையில்லை."

"அவருடைய இறைச்சிப் பையைப் பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டோமே," என்றான் ஒலிவர்.

"பரவாயில்லை," என்றாள் மின். "மண்ணுக்குத்தானே போகும். அவருக்கு அங்கேயும் கிட்டத்தான்."

டோனா பலகையைத் துடைத்தாள். எல்லா வரிகளையும் துடைத்தாள். பிள்ளைகளை விளையாட அனுப்பிய பிறகு கையைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"காலையிலேயே என் காதில் சொல்லியிருக்கலாம், சுஜீவா. நான் இந்தக் கடிதத்தை எழுதவைத்திருக்க மாட்டேன்."

"ஓம்."

"அதிபரிடம் நான்தான் சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்பார்கள்."

"நானே சொல்கிறேன். திங்கட்கிழமை."

"அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்," என்றாள் டோனா. "ஸ்ருதி ப்ரெப்பில் எப்போதும் அவரைத்தான் வரைவாள். லொறி ஓட்டுகிறவர் என்று நினைத்திருந்தேன்."

"லொறி ஓட்ட ஆசைப்பட்டவர்," என்றாள் சுஜீவா.

பள்ளி விடும் நேரம் கேற்றில் ஹரிப்பிரியா நின்றாள். வர்ஷா அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள். ஹரிப்பிரியா கைபேசியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் பாட்டுக்கு செய்வினை அது இதுன்னு…"

"சொல்லியிருக்கலாம்."

"குரூப்ல இருந்து எடுத்துடறேன்."

"பாத்த ஆக்கள் பாத்தாச்சு. எடுக்கிறதெண்டால் எடுங்கோ."

"எங்கப்பாவுக்குக் காரியம் பண்ணப்ப என்னால ஊருக்குப் போக முடியல," என்றாள் ஹரிப்பிரியா. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனாள்.

சுஜீவாவும் ஸ்ருதியும் ஓடையோரமாக நடந்தார்கள். பாலத்தடியில் மூன்று வழியும் சேரும் இடத்தில் புல் கறுத்திருந்தது. எண்ணெய்ப் படிவு. ஒரு ஐபிஸ் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு விலகியது.

"நான் பொய் சொன்னனான்," என்றாள் ஸ்ருதி.

"ஓம். நான்தான் சொல்ல வச்சனான்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லயே."

"அதுதான்."

கொஞ்சத் தூரம் நடந்தார்கள். காற்று நின்றுபோயிருந்தது. மரங்கள் அசையவில்லை.

"அம்மா, another thing." ஸ்ருதி நின்றாள். சாப்பாட்டுப் பையின் பட்டியைத் திறந்தாள். பாணுக்கும் அப்பிளுக்கும் நடுவில், கைத்துடைப்பால் சுற்றிக் கோப்பை இருந்தது. தேத்தண்ணிக் கறை காய்ந்திருந்தது. ஒரு எறும்பு விளிம்பில் ஓடியது. "I didn't put it in the red bin. எனக்கு ஏலாமல் போட்டுது."

சுஜீவா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்க்கு மேல் இது இன்னொன்று. கண்டிக்க வேண்டிய இடம். பள்ளிக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோ என்று சொல்வது அவள். சந்தியில் வைத்ததைத் திருப்பிக் கொண்டு வராதே என்று சொன்னது மச்சாள். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை பையைத் திறந்தபடி நின்றது.

"மாமி பேசுவாவோ?"

"பேசுவா."

"திரும்பி அதில வைக்கவோ?"

சுஜீவா பின்னால் பாலத்தைப் பார்த்தாள். ஸ்ருதியும் பார்த்தாள். இருவரும் நன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாம்," என்றாள் சுஜீவா. "பூட்டு. நடப்பம்."

வீட்டு வாசலில் நாகேஸ்வரி நின்றாள். எப்போதிருந்து நின்றாளோ. காலைச் சேலையே மாற்றவில்லை. பின்னால் சுகிர்தன் சாரத்தோடு, தூக்கம் கலைந்த கண்ணோடு நின்றான்.

"சொல்லிப்போட்டீரோ?" என்றான்.

"சொல்லிப்போட்டன்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும். திங்கள் அதிபரோட கதைக்க வேணும்."

சுகிர்தன் கதவு நிலையைப் பிடித்தான். "நான் வாறன். வச்சது நான்."

நாகேஸ்வரி இவர்களைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைப் பார்த்தாள். ஸ்ருதி பையைத் திறந்து கோப்பையை வெளியே எடுத்திருந்தாள். மறைக்கவில்லை. நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமி, பெரியப்பா இதை விட்டிட்டுப் போட்டார்."

நாகேஸ்வரியின் கை நிலையில் ஊன்றியது. வழியை அவள் உடம்பு முழுதாக அடைத்திருந்தது. சுஜீவா மகளின் தோளில் கை வைத்தாள். வா என்று சொன்னால் உள்ளே போவது, வராதே என்று சொன்னால் இந்த முற்றத்திலேயே நிற்பது என்று தீர்மானித்துவிட்டிருந்தாள்.

தெருவில் யாருடைய தொட்டியோ உருளும் சத்தம் கேட்டது. தெற்கிலிருந்து முதல் குளிர்காற்று வந்து நாகேஸ்வரியின் சேலைத் தலைப்பைத் தூக்கியது.

அவள் ஒருபக்கம் ஒதுங்கினாள்.

"காலைக் கழுவிப்போட்டு உள்ள வா," என்றாள். பிறகு வெளிக் குழாயைக் காட்டி, "அதையும் வடிவாக் கழுவு," என்றாள்.